அறுபது ஆம்பியர் போதும்

ஜனவரி 17, வெள்ளி

நூல் கடையில் வருடா வருடம் டைரி கொடுப்பார்கள். வாங்கிவந்து சாந்தாமணியிடம் கொடுத்தால் அவள் பால் கணக்கு எழுதுவாள். இந்த வருடம் நான் நூல் வாங்கப்போவதே இல்லை. ஆனாலும் பழக்கத்தில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். பால்காரர் இப்போது போனிலேயே கணக்கு அனுப்பிவிடுகிறார். சும்மா கிடப்பானேன் என்று நானே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சோமனூரில் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டினேன். தீபாவளிக்கு முன்னால் தறிகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, ஷெட்டை அட்டைப்பெட்டி கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். "வெள்ளிங்கிரி அழுதானா?" என்று ஊருக்குள் விசாரிக்கிறார்களாம். முதுகுவலி போய்விட்டது. காலையில் ஆறரை மணி வரை தூங்குகிறேன். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது?

போன மாதம் ஒரு கார் வாங்கினேன். செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் ஒரே ஆள் பத்திரமாக ஓட்டிய வண்டி. வெள்ளை நிறம். சாந்தாமணிக்கு ஒரே ஒரு ஆசை. இரண்டு பேர் மட்டும் அதில் ராமேஸ்வரம் போய்வர வேண்டும்.

"முப்பது வருசமா தறிச் சத்தத்துல கத்திக் கத்தியே பேசியாச்சுங்க. ஒருக்காவாச்சும் பக்கத்துல உக்காந்து, கத்தாம, சாவகாசமா பேசிட்டே போகோணும். சாமியெல்லாம் அப்புறந்தான்" என்றாள்.

சாமி காதில் விழப்போகிறது என்றேன். முறைத்தாள். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, எழுதிவைக்கிறேன்.

வண்டியில் ஒரே ஒரு குறைதான். ஸ்பீக்கர் சரியில்லை. கிணற்றுக்குள் உட்கார்ந்து பாடுவது போலக் கேட்கிறது.

ஜனவரி 20, திங்கள்

காந்திபுரம் போய் அன்வர் கடையில் ஆம்ப்ளிஃபயர், நான்கு ஸ்பீக்கர், பின்னால் வைக்க ஒரு பெரிய பெட்டி எல்லாம் போட்டாயிற்று. அன்வர் நல்ல பையன். பையன் என்று சொல்வதற்கு வயது நாற்பது ஆகிறது. எல்லாரையும் "ணா" போட்டுத்தான் பேசுவான்.

பேட்டரி முன்னால் இருக்கிறது, ஆம்ப்ளிஃபயர் டிக்கியில் இருக்கிறது. ஆகவே பேட்டரியில் இருந்து ஒரு தடித்த சிவப்பு வயர், இடது பக்கக் கதவோரம் மிதியடிக்கு அடியில் படுத்துக்கொண்டு பின்னால் வரைக்கும் போகிறது. பேட்டரிக்குப் பக்கத்தில் சின்னக் கண்ணாடி டப்பா, அதற்குள் அறுபது ஆம்பியர் ஃபியூஸ். வயர், டப்பா, ஃபியூஸ் எல்லாம் ஒரே செட்டாக அட்டைப் பெட்டியில் வந்தது.

பாட்டுப் போட்டுக் காட்டினான். இன்னும் கொஞ்சம் வை என்றேன். வைத்தான். இன்னும் கொஞ்சம் என்றேன்.

"ஏனுங்ணா, ரோட்ல போறவங்களுக்கும் சேத்தா?" என்று கேட்டான்.

நல்ல சாமான் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜனவரி 24, வெள்ளி

பல்லடம் போகும் வழியில் பாட்டு பட்டென்று நின்றுவிட்டது. ஃபியூஸ் போய்விட்டது. அன்வர் ஒன்று கூடுதலாகக் கொடுத்திருந்தான், அதைப் போட்டேன். திரும்பி வருவதற்குள் அதுவும் போயிற்று.

சாயங்காலம் ஓசூரில் இருந்து மகள் பிருந்தா போனில் பேசினாள். மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வாம். அதைச் சாந்தாமணிதான் அப்புறம் சொன்னாள். என்னிடம் பிருந்தா இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்று சொல்லிவிடுகிறாள். இந்த ஊரில் எந்தக் கம்பெனி டவரும் சரியில்லை.

ஜனவரி 27, திங்கள்

எங்கள் ஷெட்டில் ஃபியூஸ் விஷயத்தில் ஒரே சட்டம்தான். ஒரு இழைக் கம்பி போனால் இரண்டு இழை முறுக்கிப் போடு. இரண்டும் போனால் மூன்று. தறி நிற்கக் கூடாது. சோமனூர், பல்லடம், மங்கலம், எந்த ஷெட்டில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தாலும் உள்ளே கம்பி விரல் தடிமனுக்கு இருக்கும்.

அன்வரிடம் போனில் சொன்னால் வேண்டாம் என்பான். ஆகவே திருப்பூரில் வேறு கடையில் நூறு ஆம்பியர் ஃபியூஸ் வாங்கி நானே போட்டுவிட்டேன். இப்போது பாட்டு பிரமாதம். மேளம் அடிக்கும்போது ஹெட்லைட் கூடக் கொஞ்சம் மங்கி மங்கி எரிகிறது. அந்த அளவுக்குச் சக்தி.

"சித்தெ குறைங்க" என்று சாந்தாமணி கை காட்டினாள். குறைத்தேன். பிறகு அவள் வெளியே பார்க்கும்போது ஏற்றிவிட்டேன்.

ஜனவரி 30, வியாழன்

டிவி சீரியலில் இப்போது வருகிற நடிகர்கள் யாருக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை. எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். பார்ப்பதை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வண்டியில் காலடி சுடுகிறது என்று சாந்தாமணி சொல்கிறாள். இன்ஜின் சூடு அப்படித்தான் வரும் என்றேன். "எனக்கு மட்டும் வருதுங்களா? உங்களுக்குச் சுடலையா?" என்று கேட்டாள். நான் செருப்புப் போட்டு ஓட்டுகிறேன். அவள் புது வண்டி என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு உட்காருகிறாள். செருப்புப் போட்டுக்கொள் என்றேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

கருமத்தம்பட்டியில் ஒரு வீடு குடிபுகும் விசேஷம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல பாட்டு. நானும் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வந்தேன். திடீரென்று என் தோளில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. திரும்பிப் பார்த்தால் சாந்தாமணி இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருக்கிறாள். அவள் பக்கத்து மிதியடிக்கு அடியில் இருந்து புகை.

ஓரம் கட்டி, பானட்டைத் திறந்து, பேட்டரி வயரைப் பிடுங்கினேன். மிதியடியைத் தூக்கினால் சிவப்பு வயர் ஒரு முழ நீளத்துக்கு மேல்தோல் உருகி, தரை கார்ப்பெட்டோடு ஒட்டிக் கிடந்தது. அவள் இடது குதிகாலில் கொப்புளம்.

முன்னாலேயே சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள்.

"எத்தன தடவ சொல்றதுங்க?" என்றாள்.

வீட்டில் மருந்து போட்டுவிட்டேன். காலைத் தொட்டால் இழுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. யாருக்கும் கேட்டிருக்காது. இருந்தாலும் மனசு கெட்டுக் கிடக்கிறது. அவள் கால் வெந்துகொண்டிருக்கும்போது நான் தாளம் போட்டிருக்கிறேன்.

இந்த வண்டியில் இனி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ராமேஸ்வரத்துக்கு ரூம் போட்டிருந்ததை ரத்து செய்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

அன்வர் கடையில் அந்த வயரைப் பிரித்தோம். வெளியே பார்த்தால் கட்டைவிரல் தடிமன். ஆனால் முக்கால்வாசி ரப்பர்தான். உள்ளே இருந்த கம்பியைப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி விற்றிருக்கிறான் எவனோ.

அன்வர் முகம் விழுந்துவிட்டது. "செட்டு மேல செம்புன்னுதாங்ணா போட்டிருந்துச்சு. நான் சுரண்டிப் பாத்திருக்கோணும்."

பிறகு நான் போட்ட ஃபியூஸைக் கையில் எடுத்துப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "இது யாருங்ணா போட்டது?"

நான்தான் என்றேன். ஷெட்டுச் சட்டத்தையும் சொன்னேன்.

"அண்ணா, பீஸு ஆம்ப்ளிஃபயரக் காப்பாத்தறதுக்கு இல்லீங்ணா. வயரக் காப்பாத்தறதுக்கு. வயரு சூடாகறதுக்கு முன்னால பீஸு செத்திருக்கோணும். இந்த அலுமினியத்துக்கு அறுபதே அதிகம். நீங்க நூறப் போட்டு பீஸுக்கு உயிரு குடுத்துட்டு வயரக் கொளுத்திட்டீங்க."

தப்பில் அவனுக்குப் பாதி, எனக்குப் பாதி. கொப்புளம் மட்டும் சாந்தாமணிக்கு. நான் முப்பது வருடம் மூன்று இழை முறுக்கிப் போட்டும் ஷெட் எரியாமல் இருந்தது சாமர்த்தியம் இல்லை என்று இன்றுதான் புரிந்தது. வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டிக்காரரிடம் ஷெட்டு ஃபியூஸ் கட்டைகளை எல்லாம் மாற்றச் சொன்னேன். அவர் போன மாதமே மாற்றிவிட்டாராம்.

பிப்ரவரி 8, சனி

சாந்தாமணியைக் கெஞ்சி பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனேன். அவள் கண் முன்னாலேயே வேலை நடக்கட்டும், அப்போதுதான் நம்பிக்கை வரும் என்று நினைத்தேன். அங்கே போய் அவளே முதலாளி ஆகிவிட்டாள்.

புது வயர் சுத்தச் செம்பு, பழையதைவிட இரண்டு பங்கு கனம். இரண்டு இடத்தில் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்கினோம். அது நூறு ஆம்பியருக்கு மேலேயே தாங்கும். ஆம்ப்ளிஃபயர் முழுச் சத்தத்தில் தொண்ணூறு வரை இழுக்கும். ஆகவே நூறு ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் வயருக்கும் ஆபத்தில்லை, பாட்டும் நிற்காது. கணக்கு சரிதான் என்று அன்வரும் ஒப்புக்கொண்டான்.

எனக்கு இன்னொரு யோசனை. ஃபியூஸே வேண்டாம், வீட்டு எம்.சி.பி. மாதிரி காருக்கும் பிரேக்கர் வருகிறது. லோடு அதிகமானால் தானாக விழும். பட்டனை அமுக்கினால் திரும்ப ஓடும். கடை கடையாக அலைய வேண்டாம்.

"நல்ல கம்பெனினா போடலாமுங்ணா. ஆனா பானட்டு சூட்டுல அது சும்மாவே விழுகும். மட்டமானது வாங்குனா விழுக வேண்டிய நேரத்துல விழுகாது. என்னக் கேட்டா பீஸு போதும்" என்றான்.

சாந்தாமணி ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏந்தம்பி, அந்த பிரேக்கரு விழுந்தா இவரு பாட்டுக்கு அமுக்கி அமுக்கி ஓட்டுவாருங்களா?"

"ஓட்டலாமுங்க்கா."

"அது வேண்டாம். நூறுக்குப் பதிலா சின்ன பீஸு போட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க்கா. இன்னும் பத்திரந்தான். என்ன, சத்தம் அதிகமா வெச்சா பீஸு போயிரும்."

"அப்ப அதையே போடுங்க. அறுபது போதும்."

நான் விளக்கினேன். முழுச் சத்தம் வைக்க முடியாவிட்டால் இவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபயர் எதற்கு, செம்பு வயர் எதற்கு என்று கேட்டேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. அறுபது ஆம்பியர். கூடுதல் ஃபியூஸ் ஒன்றுகூட வண்டியில் இருக்கக் கூடாது. இதற்குச் சரி என்றால் ஏறுகிறேன், இல்லாவிட்டால் நீங்களே ராமேஸ்வரம் போய்வாருங்கள் என்றாள். கல்யாணத்தில் கூட இவ்வளவு கறாராகப் பேசியதில்லை.

சரி என்றேன். அன்வர் பேட்டரியில் இருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் டப்பாவை இறுக்கினான். அதற்கு முன்னால் இருக்கிற வயருக்குப் பாதுகாப்பே இல்லை, ஆகவே எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லதாம். ஓட்டையில் வயர் உராயாமல் ரப்பர் வளையமும் போட்டான்.

கடைசியில், "எவ்வளவு வெச்சுக் கேப்பீங்ணா, காட்டுங்க" என்றான். நாற்பது வரை இருக்கிற அளவில் முப்பத்தெட்டு வைத்தேன். அவன் காதைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடிவிட்டான். பிறகு சாந்தாமணியிடம் ஏதோ சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். என்னடா என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்ணா. டீ சொல்லட்டுங்களா?" என்றான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பழனிக்கு நடக்கிறவர்களுக்கு எங்கள் வீதிக்காரர்கள் மோர் கொடுத்தோம். எனக்கு மோர் கடையும் வேலை. கை நோகிறது, ஆனால் நிம்மதியான நாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

வெள்ளோட்டமாக அவிநாசி கோயிலுக்குப் போனோம். தெக்கலூர் தாண்டியதும் ஃபியூஸ் போய்விட்டது. முப்பத்தாறுதான் வைத்திருந்தேன்.

வயர் ஜில்லென்று இருந்தது. சாந்தாமணி குனிந்து தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "பீஸு சொன்ன பேச்சுக் கேக்குதுங்க" என்றாள். என் பக்கம் திரும்பி, சத்தமாகச் சொன்னதால் தெளிவாகக் கேட்டது. அவள் கோபம் இல்லாமல் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

அப்புறம் பேச ஆரம்பித்தாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போலப் பேசினாள். பாட்டு இல்லாவிட்டால் டயர் சத்தம் பெரிதாக இருக்கிறது. பழைய டயர். நான் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு ஆமாமுக்கு அவள் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்கள் ஊரில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். மெதுவாகப் பேசினால் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். இவளுக்கு மட்டும் எப்போது இந்தப் புதுப் பழக்கம் வந்தது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

நான்கு டயரும் மாற்றினேன். கதவு ரப்பரும் மாற்றினேன். போன ஃபியூஸுக்குப் பதில் இன்னொரு அறுபது ஆம்பியர் போட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ரோடுதான் சரியில்லை.

பிப்ரவரி 19, புதன்

காலையில் அடுப்பங்கரையில் சாந்தாமணி என் எதிரே வந்து நின்றாள். கத்தித்தான் சொன்னாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"ராமேஸ்வரம் வேண்டாங்க."

ஏன், அறுபதுதானே போட்டிருக்கிறேன், இனி முப்பது தாண்டமாட்டேன் என்றேன்.

"பாட்டுப் போட்டாலும் பேச முடியல. போடலைன்னாலும் பேச முடியல. தறி ஓடுனப்பவே பரவால்லைங்க, சத்தத்து மேல பழி போட்டுக்கலாம். இப்ப எது மேல போடறது? அதுக்கு நான் ஊட்லயே இருந்துக்கறேன்."

அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். கண் கலங்கியிருந்தது.

ஃபியூஸ் சரி. வயர் சரி. டயர் சரி. இனி மாற்றுவதற்கு வண்டியில் என்ன பாக்கி இருக்கிறது?

பிப்ரவரி 21, வெள்ளி

அன்வர் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் போனேன். அன்வர் கடைக்குப் போகவில்லை.

ஆர்.எஸ். புரத்தில் காது பரிசோதிக்கிற இடம். சின்ன வயதுப் பெண், பெயர் மெர்லின். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் அமுக்கினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மிஷின் நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் பட்டன்களை அழுத்திக்கொண்டுதான் இருந்தாள்.

வெளியே வந்ததும் முதல் கேள்வி: "தறி வெச்சிருந்தீங்களா அங்கிள்?"

எப்படித் தெரியும் என்றேன். பரிசோதனைப் படத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாருடைய கோடும் இதே இடத்தில்தான் கீழே விழுமாம். என்னுடைய படத்தைக் காட்டினாள். தடித்த சத்தம் ஓரளவு கேட்கிறது. மேளம் கேட்கும், லாரி கேட்கும். மெல்லிய சத்தம் போய்விட்டது. முக்கியமாகப் பெண்கள் குரல், குழந்தைகள் குரல். பாட்டைச் சத்தமாக வைத்து மிச்சத்தையும் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றாள்.

பெண்டாட்டி குரல் கேட்காமல் இருப்பதற்கு எத்தனையோ பேர் காசு கொடுப்பார்கள், எனக்குச் சும்மாவே கிடைத்திருக்கிறது என்று சொன்னேன். அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். படியிறங்கி வந்து வண்டியில் உட்கார்ந்ததும் கொஞ்ச நேரம் அழுதேன். தறியை விற்றபோது வராத அழுகை.

கிளம்பும் முன்பே மெர்லின் சொல்லியிருந்தாள், இரண்டு காதுக்கும் மிஷின் வேண்டுமாம். முதலில் ஒன்று போதும் என்றேன். எந்தக் காது என்றாள். வலது என்றேன். வண்டி ஓட்டும்போது வலது பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள்.

பிப்ரவரி 22, சனி

காதில் அழுக்கு அடைத்திருந்தது, டாக்டர் எடுத்துவிட்டார் என்று சாந்தாமணியிடம் சொன்னேன். பொய் இல்லை. அழுக்கும் இருந்தது.

பாட்டு பதினைந்துக்கு மேல் போகாது என்று சத்தியம் செய்தேன். நீ பேசினால் அணைத்துவிடுகிறேன் என்றேன். அவள் நம்பினாளா தெரியவில்லை. "உங்களுக்காகப் போலாமுங்க" என்றாள். அவளுக்காக நான் போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 1, சனி

மிஷின் வந்துவிட்டது. அவள் கடைக்குப் போகும்போது மாட்டிப் பழகுகிறேன். காதுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறது. என் செருப்பே எனக்கு இவ்வளவு சத்தம் போடுகிறது. தண்ணீர்க் குழாய் நல்லி சொட்டுகிறது, எத்தனை நாளாகவோ. இட்லிப் பாத்திரம் உஸ்ஸென்கிறது. மிக்ஸியைப் போட்டுப் பார்த்தேன், உயிர் போய்விட்டது. நல்லிக்கு வாஷர் மாற்றினேன்.

அவள் எதிரில் போட மனசு வரவில்லை. எங்கள் ஊரில் ஒருவனுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டால் சாகும்வரை போகாது. ராமேஸ்வரம் போய்வந்து சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 5, புதன்

மதுரை லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் தூங்கிவிட்டாள்.

விடிந்ததும் கிளம்பினோம். பாட்டுச் சத்தம் பன்னிரண்டு. தாராபுரம் வரை ஃபியூஸ் சாதுவாக இருந்தது. அங்கே பெட்ரோல் போட்டுவிட்டு, பாத்ரூம் போவதாகப் போய் மிஷினை மாட்டிக்கொண்டு வந்தேன்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். பாட்டில் ஒரு பெண் குரல் கூடுதலாகக் கேட்டது. ஆம்ப்ளிஃபயர் ஏதோ கோளாறு செய்கிறது என்று நினைத்தேன். பாட்டில் ஆண் மட்டும்தான் பாடிக்கொண்டிருந்தான்.

சாந்தாமணி பாடிக்கொண்டிருந்தாள்.

முணுமுணுப்பு இல்லை. வாயைத் திறந்து, தலையைச் சீட்டில் சாய்த்து, காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு பாடினாள். சரணத்தில் வார்த்தை தெரியாத இடத்தில் தானாக ஏதோ போட்டுக்கொண்டாள். மேலே போக வேண்டிய இடத்தில் தைரியமாகப் போனாள், கொஞ்சம் தவறிற்று, விட்டுவிடாமல் திரும்பவும் பிடித்தாள். நல்ல குரல். பெண்டாட்டி என்பதற்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்ல குரல். கல்யாணமாகி முப்பத்தோரு வருடம், இவள் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. தறி ஓடும்போதும் இப்படித்தான் நின்று பாடியிருப்பாளோ என்னவோ.

அடுத்த பாட்டு, அதற்கடுத்த பாட்டு. எனக்கு ஒரே சந்தோஷம். அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில்தான் பாடுகிறாள். கேட்கிறது என்று தெரிந்த நிமிடம் வாயை மூடிவிடுவாள். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதா? விருந்தாளி வந்தால் சத்தமாகச் சிரிக்கக்கூடக் கூச்சப்படுகிறவள்.

ஆகவே சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். மிஷின் வலது காதில் இருக்கிறது. அவளுக்குத் தெரியப்போவதில்லை. இப்படியே ராமேஸ்வரம் வரை, திரும்பி வீடு வரை, எத்தனை வருடம் ஓட்டினாலும் ஓட்டலாம். வேகத்தைக் குறைத்து அறுபதில் போனேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தே மாய்ந்துபோனான்.

ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வருவதற்குள் ஒரு சின்ன இடைவெளி. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, மெதுவாக, யாரிடமும் இல்லாமல் சொன்னாள்.

"பசிக்குது. சொன்னா இந்த மனுசனுக்கு எங்க கேக்கப்போகுது. திண்டுக்கல்லுலதான் நிறுத்துவாரு."

குரலில் கோபம் இல்லை. சலிப்பும் இல்லை. மழை வந்தால் துணியை எடுக்க வேண்டும் என்பது போலச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்படி எத்தனை பசியை, எத்தனை வலியைச் சொல்லிவிட்டு, தானே பதிலும் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவளும் ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பிடித்த பாட்டு. ஒரு கிலோமீட்டர் தூரம் அவள் பாடுவதைக் கேட்டுக்கொண்டே போனேன். இரண்டாவது சரணம் பாதியில் இருக்கும்போது ஒரு ஓட்டல் வந்தது. இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டினேன்.

"ஏனுங்க நிறுத்தறீங்க?" என்று கத்திக் கேட்டாள்.

"பசிக்குதுன்னியே" என்றேன்.

பாட்டு தானாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, ஜன்னல் வழியாக என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். மிஷினை விரலால் தொட்டாள். அது கீச்சென்று கத்தியது. கையை எடுத்துக்கொண்டாள்.

"எப்ப இருந்துங்க?"

"பெட்ரோல் பங்குல இருந்து."

"அப்ப..." என்று டேஷ்போர்டைக் காட்டினாள்.

"எல்லாமே கேட்டுச்சு சாந்தா. சரணம் ஒண்ணு மட்டும் தப்பு."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிப்புத்தான், ஆனால் அது மட்டும் இல்லை. ஓட்டல்காரர் வெளியே வந்து, "உள்ள வாங்க, இட்லி சூடா இருக்குதுங்க" என்று கூப்பிட்டார். போய்ச் சாப்பிட்டோம். அவள் ஐந்து இட்லி சாப்பிட்டாள்.

மார்ச் 6, வியாழன்

ராமேஸ்வரம். தரிசனம் நன்றாக ஆயிற்று.

ஒட்டன்சத்திரத்தில் இருந்து அவள் பாடவே இல்லை. பேச ஆரம்பித்தவள், நேற்று மதுரை வரைக்கும், இன்று காலை மதுரையில் இருந்து பாம்பன் பாலம் வரைக்கும் நிறுத்தவில்லை. பாட்டுப் போடவா என்று நடுவில் இரண்டு முறை கேட்டேன்.

"சும்மா இருங்க. சொல்லிட்டிருக்கறன் இல்ல" என்றாள்.

கேட்டுக்கொண்டே வந்தேன்.